ஓரனின் தாய்மாமன்

குன்வோர் ஸ்வீடனிலிருந்து தன் பெண்நாயோடு வேனில் கிளம்பிவிட்டாள் என்று செய்தி வந்த மறுநாள் காலையில்தான், ஓரனின் நெஞ்சில் அந்தத் தடுமாற்றம் அட்ராக்டா டார்ப்பியின் காதில் விழுந்தது.

பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டப் போவதற்கு முன்னால், சமையலறைத் தரையில் ஓரன் பக்கத்தில் கொஞ்ச நேரம் படுத்துக்கொள்வது அவள் பழக்கம். ஓரன் ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட் இனம், ஓநாய் வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட நாய். கால் நீட்டிப் படுத்தால் சோபாவை விட நீளம். அவன் விலாவில் தலையை வைத்தால் உள்ளே இதயம் நிதானமாக, ஒரே சீராக அடிப்பது கேட்கும். அன்றைக்கு அது ஓடியது, நின்றது, இரண்டு அடியைச் சேர்த்துப் போட்டது, மறுபடி ஓடியது.

"மாலக்கி, இங்க வா. வந்து காதை வெச்சுக் கேளு."

அவள் கணவர் மாலக்கி கல்குவாரியில் லாரி ஓட்டுகிறவர். ரொட்டியும் கையுமாக வந்து நின்றார். "குவாரியில போன காது இது. உன் குறட்டையே எனக்குக் கேக்கிறதில்ல. நாய் நெஞ்சா கேக்கப்போகுது?"

ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் ரொட்டியை வைத்துவிட்டு மண்டி போட்டார். ரொம்ப நேரம் கேட்டார்.

"பூனையைத் துரத்தற மாதிரி கனவு கண்டிருப்பான்."

"முழிச்சுக்கிட்டுத்தானே இருக்கான்."

ஓரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மேஜை மேலிருந்த ரொட்டியை எழுந்து நிற்காமலே எட்டி எடுத்துத் தின்றான்.

ஓரனுக்கு அப்போது ஐந்து வயது. அட்ராக்டா வளர்த்து எடுத்த வம்சத்தில் அவள் வீட்டில் மிச்சமிருந்தவன் அவன் ஒருவன்தான். அவன் அம்மா எலும்புப் புற்றுநோயில் போய்விட்டாள். கூடப் பிறந்ததுகள் வீட்டுப் பிள்ளைகளாக அங்கங்கே வளர்கின்றன, எல்லாவற்றுக்கும் கருத்தடை ஆகிவிட்டது. ஓரனுக்குக் குட்டி பிறக்காவிட்டால் அவள் ஆயுசின் பாதி அவனோடு முடிந்துபோகும். தங்கள் பெண்நாய்களோடு சேர்க்க அவனைக் கேட்டு மூன்று பேர் காத்திருந்தார்கள். முதலாவது குன்வோர்.

அயர்லாந்தில் ராஸ்காமன் பக்கத்தில், பாய்ல் ஊருக்கு மேற்கே, ஹவுண்ட் வளர்ப்பது டார்ப்பி குடும்பத்துக்கு ஒட்டாத காரியம். அட்ராக்டாவின் அப்பா சதுப்பு நிலத்தில் அடுப்புக்குக் கரிமண் வெட்டி விற்றவர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு அவள் நாக்ரோ மாளிகையில் சமையல்கட்டு வேலைக்குப் போனாள். மாளிகைக்காரி மிஸஸ் கிராஸ்டேல் ஹவுண்டுகளை வைத்திருந்தாள். மனிதர்களைத் திட்டுவாள், நாய்களிடம் மன்னிப்புக் கேட்பாள். அட்ராக்டாவுக்கு அந்த வீட்டில் முதலில் சிநேகமானவை நாய்கள்தான். அவை அவளிடம் எதையும் கொண்டுவரச் சொல்லவில்லை. வந்து சாய்ந்துகொள்ளும், அவ்வளவுதான். அந்தப் பாரத்தில் அவள் சுவரோடு ஒட்டிக்கொள்வாள்.

மாளிகை விலைக்குப் போனபோது மிஸஸ் கிராஸ்டேல் ஒரு பெண்நாயை அவளிடம் கொடுத்துவிட்டாள். கயிற்றில் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"இது என்னடி? கன்னுக்குட்டியா?"

"நாய்ப்பா. நம்ம நாட்டு நாய்."

"நம்ம நாட்டு நாயா? எங்க அப்பன் வீட்டுல இருந்துச்சா? அவங்கப்பன் வீட்டுல இருந்துச்சா? ராஜா வீட்டு நாய் இது. நம்ம கஞ்சியைக் குடிக்குமா?"

கேலியாகத்தான் சொன்னார். இருந்தாலும் அது அவளுக்குள் தங்கிவிட்டது. அப்பா சொன்னதில் பொய் இல்லை. பெயரில் அயர்லாந்து இருக்கிறது. ஆனால் அயர்லாந்தின் ஏழைக் குடியானவனுக்கு இந்த நாய் எந்தக் காலத்திலும் சொந்தமாக இருந்ததில்லை. அரசர்களும் பிரபுக்களும் வைத்திருந்தார்கள், வேறு நாட்டு அரசர்களுக்குப் பரிசாக அனுப்பினார்கள். ரோமுக்கு ஏழு நாய்கள் போய் இறங்கியபோது ஊரே வாய்பிளந்து பார்த்ததாம். ஓநாய்கள் பெருகிய காலத்தில், நாயை நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது என்று குரோம்வெல் காலத்து ஆட்சி தடை போட்டது. அப்புறம் கடைசி ஓநாயும் செத்தது. வேலை போன நாய் அதன் பின்னாலேயே தேய்ந்தது. இங்கிலாந்தில் குடியிருந்த ஸ்காட்லாந்து வழிவந்த ஒரு ராணுவ கேப்டன்தான், மிஞ்சிக்கிடந்த கொஞ்ச நஞ்சத்தைத் தேடிப்பிடித்து, மான்வேட்டை நாயையும் கிரேட் டேனையும் கலந்து, பல வருஷம் பாடுபட்டு இந்த இனத்தை மறுபடி எழுப்பினார்.

அப்படியானால் இது பழைய நாய்தானா, பழைய நாயின் சாயலில் செய்த புது நாயா? ஹவுண்ட் வளர்ப்போர் சங்கக் கூட்டங்களில் டீயும் சாண்ட்விச்சுமாக இதைப் பேசிப் பேசி ஓயமாட்டார்கள். அட்ராக்டா அதில் கலந்துகொள்ளமாட்டாள். அவளுக்கு உள்ளே வேறு கேள்வி இருந்தது. என் கைக்கு வந்த பிறகாவது இது எங்களுடையதா? நாற்பது வருஷம் கழித்தும், கண்காட்சி மைதானத்தில் நல்ல கோட்டு போட்டவர்கள் நடுவே நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது, யாரோ கயிற்றை வாங்கிக்கொண்டு "சரிம்மா, நீ சமையல்கட்டுக்குப் போ" என்று சொல்லிவிடுவார்களோ என்று முதுகு கூசும். ஓரன் பரிசு வாங்கிய அன்றுதான் அந்தக் கூச்சம் கொஞ்சம் விட்டது. அவ்வளவு அழகான தலை. ஊரே சொன்னது.

அன்று சாயங்காலம் கால்நடை மருத்துவர் கிளீனா வந்து ஓரனின் நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்தாள், படமும் எடுத்தாள்.

"உங்க காது சரிதான் அட்ராக்டா. இதயத்தோட மேல் அறை தாளம் தப்பி அடிக்குது. இந்த நாய்ங்களுக்கு இது சகஜம்தான். மாத்திரை கொடுப்போம். நல்லாவே இருப்பான், கொஞ்ச காலம்."

"குட்டி?"

கிளீனா கருவியைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். "அதை நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. ஆனால் குன்வோருக்குச் சொல்ல வேண்டும், அவளோ பிரான்சில் செர்பூர்க் துறைமுகத்தில் கப்பல் ஏறிவிட்டாள். அட்ராக்டா போன் செய்தாள். கடலுக்குள் மணி போகவில்லை.

மறுநாள் மத்தியானம் வேன் வந்து நின்றது. குன்வோர் உயரமானவள், வாரப்படாத நரைத்த தலை. இறங்கியதும் முதலில் பின்கதவைத் திறந்து ஸ்வாலாவை இறக்கிவிட்டாள். சாம்பல் நிறத்தில், காற்றில் நனைத்து எடுத்த மாதிரி ஒரு பெண்நாய். அட்ராக்டா அவளைப் பார்த்ததும் பேச வந்ததை ஒரு நிமிஷம் தள்ளிப்போட்டாள். பிறகு மேஜையில் டீயை வைத்துவிட்டு, உட்காராமலே, எல்லாவற்றையும் சொன்னாள்.

குன்வோர் டீயைத் தொடவில்லை.

"போன வருஷப் பரிசோதனை சுத்தம்னு சொன்னீங்களே."

"போன வருஷம் சுத்தம்தான். நேத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது."

"நான் கிளம்பறதுக்கு முந்தி ஒரு தடவை பாத்திருக்கலாம் இல்ல?"

"பாத்திருக்கணும்."

"ஸ்வாலாவுக்கு நாலு வயசு முடியுது. இந்தத் தடவை விட்டா அடுத்தது கிடையாது. பல் வலியோட ஜெர்மனி பூரா ஓட்டிக்கிட்டு வந்திருக்கேன், தெரியுமா?" அவள் குரல் உயரவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "சரி. நான் ஒண்ணு சொல்றேன். ஸ்வாலா நெஞ்சு சுத்தம். அவ அம்மாவுக்கும் சுத்தம். இவனையே சேத்துடலாம்."

அட்ராக்டா இதை எதிர்பார்க்கவில்லை. திட்டு வாங்கத்தான் தயாராக இருந்தாள்.

"முடியாதுங்க."

"ஏன்? எங்க ஊர்ல இப்படி நெஞ்சு ஓடற நாய் எத்தனையோ இருக்கு. ஒவ்வொரு குறைக்கும் ஒவ்வொண்ணா ஒதுக்கிக்கிட்டே போனா கடைசியில யாரு மிஞ்சுவா? அந்தக் கேப்டன் அப்படி ஒதுக்கியிருந்தா இன்னைக்கு இந்த நாயே கிடையாது. இருக்கிறதை வெச்சுத்தான் அவர் கட்டினாரு."

இந்தப் பெண் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம் என்று அட்ராக்டாவுக்குப் பட்டது. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது: "சரி" என்று அவள் தலையாட்டினால் போதும், ஓரனின் தலையும் கண்ணும் அழியாமல் இருக்கும். விருந்தாளியே கேட்கிறாள். யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

"நாலு வருஷம் கழிச்சு," அவள் மெல்லச் சொன்னாள், "யாரோ ஒருத்தர் வீட்டுச் சமையல்கட்டுல அந்தக் குட்டி விழும். அவங்க எனக்குத்தான் போன் பண்ணுவாங்க. 'உங்களுக்குத் தெரியுமா'ன்னு கேப்பாங்க. தெரியாதுன்னு என்னால சொல்ல முடியாதுங்க. அவ்வளவுதான். வேற நியாயம் எதுவும் எனக்குத் தெரியல."

மாலக்கி அடுப்பங்கரை ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"காதுக்காரன் வேணா சும்மாத்தான் இருக்கான்," என்றார்.

"வாயை மூடு மாலக்கி."

"யாரு காதுக்காரன்?" குன்வோர் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லங்க. இவருக்கு வேற வேலை இல்ல."

"ஓரனோட தாய்மாமன்," மாலக்கி சொன்னார். "பூகான்னு பேரு. எங்க வீட்டுல பிறந்தவன்தான். கால் கட்டை. காது ரெண்டும் ஆப்பம் மாதிரி தொங்கும். இந்த அம்மாவுக்கு அவனைக் காட்டவே வெக்கம், குட்டியிலயே தூக்கிக் கொடுத்துட்டா. ஊர்ல சவப்பெட்டி செஞ்சு சாவுக்காரியம் பண்ற பார்ட்லி கிட்ட இருக்கான்."

"இன்னும் உசுரோட இருக்கானா? என்ன வயசு?"

"எட்டரை."

குன்வோர் எழுந்து நின்றாள். "எட்டரையா? நடக்கிறானா?"

"நடக்கிறானாவா? சவ ஊர்வலத்துல முன்னாடி போறதே அவன்தான்."

ஹவுண்ட் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இந்த நாய் ஏழு வயதைத் தாண்டினாலே கிழம். இரண்டு வயதில் நெட்டை உருவத்தையும் அழகான தலையையும் பார்த்துத்தான் ஆண்நாயைத் தேர்ந்தெடுப்பார்கள். நெஞ்சு கெடுவதோ நான்கிலோ ஐந்திலோ. அதற்குள் அவன் பிள்ளைகள் நாடெங்கும் பரவியிருக்கும். நெஞ்சு கெடாதவன் யார் என்று நிச்சயமாகத் தெரியும் நேரத்தில் அவன் கிழவனாகி, எங்கோ ஒரு கணப்படுப்பு ஓரம் கிடப்பான். அவனை யாரும் கேட்டு வரமாட்டார்கள்.

அட்ராக்டா குன்வோரையும் ஸ்வாலாவையும் பார்ட்லி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போகும் வழியெல்லாம் அவள் கை ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது. ஓரனைச் சேர்க்க முடியாது என்று சொன்னதில் வலி இருந்தது, ஆனால் அதில் ஒரு கம்பீரமும் இருந்தது. இதில் அதுவும் இல்லை. ஸ்வீடன்வரை போய் அவள் வம்சத்தின் பெயரைச் சொல்லப்போவது அந்தக் காதா? கோட்டு போட்டவர்கள் பார்த்துச் சிரிக்கமாட்டார்களா? தான் கழித்த நாயைத் தானே போய்க் கேட்பதற்கு, வாசல் மணியை அழுத்தும் விரல்கூடக் கூசியது.

பார்ட்லி மல்விஹில் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர். கறுப்புக் கோட்டும் மரத்தூளுமாக முற்றத்துக்கு வந்தார். பூகா சவ வண்டியின் நிழலில் படுத்திருந்தான். இவர்களைப் பார்த்து வாலை ஒரு தடவை தரையில் தட்டினான், எழுந்திருக்கவில்லை.

"யோவ் பார்ட்லி, ஒரு உதவி."

"உனக்கு உதவின்னா சொல்லு. ஆறடியா, அஞ்சரையா?"

"எனக்கு இல்லய்யா. நாய்க்கு." விஷயத்தைச் சொன்னாள்.

பார்ட்லி பூகாவைப் பார்த்தார், ஸ்வாலாவைப் பார்த்தார், மறுபடி பூகாவைப் பார்த்தார். "இவனுக்கா? துக்கத்துக்கு வர்றவங்க இவன் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுவாங்க, இவன் பாட்டுக்கு நிப்பான். அதுதான் இவனுக்குத் தெரிஞ்ச தொழில். கல்யாணம் காட்சியெல்லாம் எங்க பக்கமே வர்றதில்ல."

குன்வோர் அதற்குள் கல்தரையில் உட்கார்ந்து பூகாவின் விலாவில் காதை வைத்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எழுந்தபோது அவள் கன்னத்தில் நாய்முடி ஒட்டியிருந்தது.

"நீங்களும் கேளுங்க," என்று அட்ராக்டாவிடம் சொன்னாள்.

அட்ராக்டா குனிந்தாள். எட்டரை வருஷமாக அவள் பஸ் தினமும் இந்த முற்றத்தைத் தாண்டித்தான் போகிறது. ஒரு நாளும் இறங்கி இவனைத் தொட்டதில்லை. உள்ளே அந்த இதயம் அவசரமே இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் தேவைக்கு மேலேயே கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

கிளீனா வந்து பரிசோதித்து, தன் கருவியைத் தானே நம்பாமல் இரண்டாவது முறையும் பார்த்து, சுத்தம் என்றாள். பார்ட்லிக்குச் சம்மதம். ஸ்வாலாவுக்கும் சம்மதம், பூகாவுக்குத்தான் விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்த பிறகு உயரம் போதவில்லை. பார்ட்லி உள்ளே போய் ஒரு ஓக் பலகையைக் கொண்டுவந்து போட்டார்.

"இது எதுக்கு வெச்சிருந்ததுன்னு கேக்காதீங்க. உரியவருக்கு இன்னும் அவசரம் இல்ல."

பெண்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நாய்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வேனிலிருந்து இறங்கியதற்குப் பிறகு குன்வோர் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தாள்.

கிளம்புமுன் குன்வோர் பார்ட்லியிடம் சொன்னாள்: "வழக்கம் ஒண்ணு இருக்கு. கூலிக்குப் பதிலா, பிறக்கிற குட்டியில முதல் தேர்வு ஆண்நாய்க்காரருக்கு. எது வேணுமோ நீங்கதான் சொல்லணும்."

அட்ராக்டாவின் மனதில் அந்த நொடியே கணக்கு ஓடியது. பார்ட்லிக்கு எதற்கு இன்னொரு நாய்? "எனக்கு வேண்டாம், இவளுக்குக் கொடுத்துடுங்க" என்பார். ஒரு பெண்குட்டி. கணப்படுப்புக்குப் பக்கத்தில் அதற்கான இடம்கூட அவள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

"அப்படியா?" பார்ட்லி பூகாவின் காதைத் தடவினார். "நல்ல வழக்கமாத்தான் இருக்கு. எடுத்துக்கறேன்."

காத்திருந்த மற்ற இருவருக்கும் அன்று மாலையே அட்ராக்டா போன் செய்தாள். ஒருவர் நன்றி சொன்னார். மற்றவர், "இதை ஏன் வெளியில சொல்லிட்டுத் திரியற? உன் நாய்க்கு நீயே குழி தோண்டற," என்று கத்திவிட்டு வைத்தார். சங்கத்தில் பேச்சு பரவியது. அடுத்த கண்காட்சியில் சிலர் அவள் பக்கம் வரவில்லை. ஒருத்தி மட்டும் கார் நிறுத்துமிடத்தில் அவளை ஓரமாக அழைத்து, தன் நாயின் நெஞ்சைக் கேட்டுச் சொல்ல முடியுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

குட்டிகள் ஏழு பிறந்தன, ஐந்து நிலைத்தன. குன்வோர் போனில் படம் காட்டியபோது பார்ட்லியின் அலுவலகத்தில், பூச்செண்டு மாதிரிகளுக்கு நடுவே, இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

"அந்த இடது ஓரம், கோதுமை நிறம்," அட்ராக்டாவின் விரல் திரையைத் தொட்டது. "தலையைப் பாரு பார்ட்லி. அப்படியே ஓரன். அதைச் சொல்லு."

"அது மத்ததோட காதைக் கடிக்குதே."

"துடி அது!"

"எனக்குத் துடி வேண்டாம் தாயே. என் வாசலுக்கு வர்றவங்க அழுதுக்கிட்டு வர்றவங்க." பார்ட்லி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். "பின்னாடி ஒண்ணு, இவ்வளவு கூத்துலயும் தூங்குது பாரு. அது பொண்ணா? அதான்."

அட்ராக்டா திரையிலிருந்து விரலை எடுத்தாள். தேர்வு அவருடையது. வழக்கம் என்றால் வழக்கம்தான்.

ஓரன் அந்தக் குளிர்காலம் வரை மாத்திரையோடு நன்றாகவே இருந்தான். பனி விழுந்த ஒரு மத்தியானம், தோட்டத்தில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. மாலக்கி குழி வெட்டினார், பேசாமல் வெட்டினார். பார்ட்லி கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, மனிதர்களுக்கு நிற்பதுபோலவே, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

ஊசி போட்டு, பயண வயது வந்தபின், ஸ்வீடனிலிருந்து அந்தத் தூங்குமூஞ்சி வந்து சேர்ந்தது அதற்கு முந்திய இலையுதிர்காலத்திலேயே. பார்ட்லி அதற்கு நெல் என்று அந்த ஊர்ப் பெண்பிள்ளைகளின் பெயரை வைத்தார். அட்ராக்டா பஸ்ஸை நிறுத்திவிட்டுச் சாயங்காலங்களில் முற்றத்துக்குள் நுழைந்துவிடுவாள்.

"படி ஏற விடாதே, எலும்பு வளையும். ரொம்ப தூரம் நடத்தாதே. இது என்ன, இவ்வளவு கொழுப்பா போடறே?"

"அட்ராக்டா."

"என்ன?"

"இது என் நாய்."

கோபத்தோடு சொல்லப்பட்டதல்ல; அதனால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. அவள் மரப்பலகைகள் அடுக்கியிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஓரன் போன பிறகு ஒரு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை. பார்ட்லிதான் பஸ்ஸை மறித்து, குழந்தைகள் எல்லாம் ஜன்னலில் எட்டிப்பார்க்க, "என்னடி கோவம்? வந்து பாத்துட்டுப் போ, நெட்டையாயிட்டா," என்று கூப்பிட்டார்.

போனாள். நெல் உண்மையிலேயே நெட்டையாகியிருந்தாள். இவளிடம் வந்து முகர்ந்தாள், பிறகு பார்ட்லியிடம் போய் அவர் இடுப்பில் முழுப் பாரத்தையும் சாய்த்துக்கொண்டு நின்றாள். அட்ராக்டாவுக்குக் கூப்பிட வேண்டும்போல இருந்தது. அவள் கூப்பிட்டால் நாய்கள் வரும், அந்த வித்தை அவளுக்குத் தெரியும். கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"இவளுக்குக் குட்டி எப்போ? ரெண்டு வயசுலயா?" பார்ட்லி கேட்டார். "அந்த மாப்பிள்ளை பாக்கிற வேலையெல்லாம் எனக்குத் தெரியாது. நீதான் பாக்கணும்."

இரண்டு வயதில்தான் எல்லோரும் செய்கிறார்கள். அவளும் அப்படித்தான் செய்துவந்தாள்.

"நாலு ஆகட்டும்," என்றாள். "வருஷா வருஷம் நெஞ்சைப் பாத்துட்டு, அப்புறம் பேசலாம்."

"நாலா? அதுக்குள்ள எனக்கே பலகை தேவைப்படுமேடி."

"அப்போ இவளை நான் பாத்துக்கறேன், போ," என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். கோட்டில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினாள். பஸ்ஸுக்குள் குழந்தைகள் ஹாரனை அடிக்க ஆரம்பித்திருந்தார்கள்.